நிலவுக்குப் போனவளை யாருக்குச் சொல்வது?

டீ கையில் இருக்கட்டும். இந்த விஷயத்தை டீயிலிருந்து தொடங்குவதுதான் சரி.

சீனப் புராணத்தில் ஷென்நோங் என்று ஓர் ஆதி அரசர் வருகிறார். மனிதருக்கு உழவையும் மருந்தையும் கற்றுத் தந்தவர். எந்த இலை நோயைத் தீர்க்கும், எது ஆளைக் கொல்லும் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றையும் தானே மென்று பார்த்தாராம். ஒரே நாளில் 72 விஷங்கள் ஏறியும் தேயிலைதான் அவரைப் பிழைக்க வைத்தது என்று ஒரு கதை. கொதிக்கும் நீரில் காற்றுக்கு இலைகள் வந்து விழ, அதைக் குடித்துப் பார்த்து டீயைக் கண்டுபிடித்தார் என்று இன்னொரு கதை.

தைவானில் பிறந்து சிறு வயதிலேயே கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஜூடி லின், இந்த ஷென்நோங்கை அடித்தளமாக வைத்து 2022-இல் 'எ மேஜிக் ஸ்டீப்ட் இன் பாய்ஸன்' என்ற நாவலை வெளியிட்டார். பதின்வயதினருக்கான ஃபேன்டஸி. நாயகி நிங், விஷம் கலந்தது தெரியாமல் தானே போட்டுக் கொடுத்த டீயால் அம்மாவை இழந்தவள். அதே விஷத்தால் தங்கையும் படுக்கையில் விழ, அவளைக் காப்பாற்ற வழி தேடி, தேநீர் வல்லுநர்களுக்காக அரண்மனையில் நடக்கும் போட்டிக்குக் கிளம்புகிறாள். அந்த உலகில் டீ போடுவது மந்திரக் கலை. சரியான இலையையும் மூலிகையையும் தேர்ந்து ஊற்றிக் கொடுத்தால், கோப்பை வழியாக எதிரில் இருப்பவரின் மனசுக்குள்ளேயே போய்விடலாம்.

இதைப் படித்தவர்கள் பேசுவதைக் கேட்டால் வேறு வேறு புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று தோன்றும். ஒருவர் டீ, பலகாரம், மூலிகை என்று வரும் பக்கங்களில் கிறங்கிப்போகிறார். இப்படி ஒரு மந்திரத்தை எங்குமே படித்ததில்லை என்கிறார். இன்னொருவருக்குப் போட்டி, அரண்மனைச் சதி, பார்த்தவுடன் பிறக்கும் காதல் எல்லாம் ஏற்கெனவே பலமுறை படித்தவை. மூன்றாவது வகை வாசகர், வீட்டுப் பெரியவர் சின்னக் குடுவையை வெந்நீரால் சூடாக்கி, முதல் ஊற்றலைக் குடிக்காமல் கொட்டிவிட்டு, அடுத்ததை உள்ளங்கையில் அடங்கும் கோப்பைகளில் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர். அவருக்கு இந்தப் பக்கங்களில் வியப்பு எதுவும் இல்லை. தன் வீட்டுக் கூடத்தை அச்சில் பார்க்கும் சந்தோஷம் இருக்கிறது. அந்தச் சந்தோஷம் பெரியது.

சீனப் புராணங்களை எடுத்தாளும் இளையோர் நாவல்கள் ஆங்கிலத்தில் கடந்த பத்தாண்டில் ஏராளமாக வந்திருக்கின்றன. கூடவே சண்டைகளும் வந்திருக்கின்றன. பிள்ளைக்குப் புத்தகம் வாங்க நினைத்து விமர்சனங்களைப் புரட்டும் பெற்றோர் குழம்பித்தான் போவார்கள். ஒரே நாவலை ஒருவர் கொண்டாடுகிறார், இன்னொருவர் துரோகம் என்கிறார். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 'புராணத்தை மாற்றிவிட்டார்கள்' என்ற பேரில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை மாற்றத்தைப் பற்றியவையே அல்ல. 'இந்தப் புத்தகம் யாரைப் பார்த்துப் பேசுகிறது?' என்பதுதான் அடியில் கிடக்கும் கேள்வி.

இதை விளக்க சாங்-அவின் கதை போதும்.

ஒரு காலத்தில் வானில் பத்துச் சூரியன்கள். ஒருநாள் பத்தும் ஒன்றாக எழ, பூமி வெந்தது. ஹோவ்யி என்ற வில்லாளி ஒன்பதை அம்பெய்து வீழ்த்தினான். அவனுக்குச் சாகாவரம் தரும் அமுதம் கிடைத்தது. அதை அவன் குடிக்கவில்லை, மனைவி சாங்-அ குடித்தாள். உடம்பு லேசாகி, மிதந்து மிதந்து நிலாவுக்கே போய்விட்டாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள், மருந்து இடிக்கும் ஒரு முயலோடு. எட்டாம் மாதப் பௌர்ணமியில் சீனர்கள் கொண்டாடும் இலையுதிர்காலப் பண்டிகையன்று வீடுதோறும் அவள் பேச்சுதான். சீனா நிலவுக்கு அனுப்பும் விண்கலங்களுக்கும் அவள் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

சரி, ஏன் குடித்தாள்? கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'ஹுவாய்நான்ஸி' என்ற நூல், திருடிக்கொண்டு ஓடினாள் என்று ஒரே வீச்சில் முடித்துவிடுகிறது. ஹான் காலத்து மற்றொரு குறிப்பில், நிலாவை அடைந்தவள் தேரையாக மாறிவிடுகிறாள். பண்டிகையன்று பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையிலோ அவள் திருடியே இல்லை. ஹோவ்யி வேட்டைக்குப் போன நேரம் பார்த்து அவனுடைய சீடன் பெங்மெங் அமுதத்தைப் பறிக்க வருகிறான். கெட்டவன் கையில் அது சிக்கிவிடக் கூடாதென்று சாங்-அ விழுங்கிவிடுகிறாள். வேறொரு வழக்கில் ஹோவ்யி கொடுங்கோல் அரசனாகிவிட்டான். இவனுக்குச் சாவே இல்லையென்றால் குடிகள் என்ன ஆவார்கள் என்று நினைத்து அவள் குடிக்கிறாள். பேராசைக்காரி, தியாகி, நாட்டைக் காத்தவள் என்று ஒரே பெண்ணுக்கு இத்தனை முகங்கள்.

மலேசியாவில் பிறந்து ஹாங்காங்கில் வாழும் சூ லின் டான் இதில் இன்னொரு முகத்தைச் சேர்த்தார். 2022 ஜனவரியில் வந்த 'டாட்டர் ஆஃப் தி மூன் காடஸ்' நாவலில் சாங்-அ கர்ப்பிணி. பிரசவத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று வைத்தியர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிழைக்க வேறு வழி தெரியாமல் கணவனின் அமுதத்தை எடுத்துக் குடிக்கிறாள். பெண் குழந்தை நிலாவில் பிறக்கிறது. பேர் ஷிங்யின். அமுதத்தை எடுத்த குற்றத்துக்காக வானுலகச் சக்கரவர்த்தி சாங்-அவை நிலாவிலேயே சிறை வைக்கிறார். மகள் இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துவிடும் நிலை வந்ததும் ஷிங்யின் தப்பி, யாரென்று காட்டிக்கொள்ளாமல் வானுலக அரண்மனைக்கே போய்ச் சேர்கிறாள். அப்பாவின் வில்வித்தை அவள் கையிலும் இருக்கிறது. அம்மாவை விடுவிப்பதுதான் அவள் குறி. நிலாவில் தினமும் இரவு ஆயிரம் விளக்குகளை ஏற்ற வேண்டும் என்பது சாங்-அவுக்கு விதிக்கப்பட்ட வேலை. நமக்குக் கீழிருந்து தெரியும் வெளிச்சம் அதுதானாம். இரண்டாயிரம் வருஷப் பழசான கதைக்குள் ஒரு தாயின் தினசரி வேலையைக் கொண்டுவந்து வைத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஏன் குடித்தாள் என்ற கேள்விக்கும் இதுவரை வந்த பதில்களைவிட இது மனசுக்கு நெருக்கமான பதில் என்று நினைக்கிறேன்.

பெரியவர்களுக்கான பட்டியலில் வெளியானாலும் பதின்வயதினர் கொண்டாடிய நாவல் இது. கொண்டாடியவர்கள் மொழியின் அழகையும் தாய்-மகள் பாசத்தையும் சொல்கிறார்கள். குறை சொல்பவர்கள், ஷிங்யின் தொட்டதெல்லாம் துலங்குகிறது, சாகசங்கள் துண்டு துண்டாக வருகின்றன, இளவரசனுக்கும் தளபதிக்கும் நடுவே காதல் இழுத்துக்கொண்டே போகிறது என்கிறார்கள். சீனத் தொலைக்காட்சியின் தேவலோகத் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்கள் மூன்றாவது கூட்டம். 2017-இல் வந்த 'டென் மைல்ஸ் ஆஃப் பீச் பிளாஸம்ஸ்' போன்ற தொடர்களில் தேவர்களின் பிரிவு, சோதனை, மறுபிறவி எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர்கள் அவர்கள். சிலருக்கு இந்த நாவல் பழகிய இடத்துக்குத் திரும்பிய சுகம் தருகிறது, சிலருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. 'உண்மையான சாங்-அ இப்படி இல்லை' என்ற குறையும் வரும். அதைச் சொல்பவர் எந்த சாங்-அவைக் கேட்டு வளர்ந்தவர் என்று விசாரித்தால் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

மாற்றுவதுதான் பிரச்சினை என்றால், சீனாவிலேயே அது பெரிய பிரச்சினையாக வெடித்திருக்க வேண்டும். நேஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். மிங் காலத்து 'ஃபெங்ஷென் யான்யி' நாவலில் நேஜா என்ற சிறுவன், கடலரசனின் மகனான டிராகன் இளவரசனைக் கொன்று நரம்பை உருவி எடுப்பான். 2019-இல் சீனாவில் வந்த அனிமேஷன் படத்தில் அதே இளவரசன் நேஜாவின் ஒரே நண்பன். 2025-இல் வந்த அதன் இரண்டாம் பாகம் 200 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, உலகத்திலேயே அதிகம் வசூலித்த அனிமேஷன் படமானது. கொலையை நட்பாக மாற்றியும் மக்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். நேஜாவே சீனாவுக்கு வந்து சேர்ந்தவர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். குபேரனின் மகன் நளகூபரன் பௌத்த நூல்களோடு போய் அங்கே நேஜாவானான் என்பது அவர்கள் காட்டும் வழி. பயணத்திலேயே பிறந்த ஒரு தெய்வத்தை ஒரே வடிவத்தில் நிறுத்திவைக்க யாராலும் முடியாது.

அப்படியானால் வெளிநாட்டில் எழுதப்படும் நாவலின் மேல் மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?

ஒரு கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், 'இவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமா, அது ரெண்டாவது அத்தை, இப்ப செய்றது இன்ன சடங்கு' என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிக்கு அது பெரிய உதவி. அதே வீட்டுப் பிள்ளைக்கு எரிச்சலாக இருக்கும், 'என் அத்தையை எனக்கே அறிமுகப்படுத்துகிறாரே' என்று. ஆங்கிலத்தில் வரும் இந்த நாவல்களில் சில, ஒவ்வொரு உணவையும் உடையையும் தெய்வத்தையும் நிறுத்தி நிறுத்தி விளக்குகின்றன. சீன வம்சாவளி வாசகர்கள் முகம் சுளிப்பது அந்த இடத்தில்தான். நம் கதை என்று ஆசையோடு திறந்தால், அது நம் தோளுக்கு மேலே வேறு யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறது. மாறாக, எதையும் விளக்காமல் போகும் நாவலைப் படிக்கும் புதியவர், பெயர்கள் குழப்புகின்றன, உலகம் புரியவில்லை என்று எழுதுகிறார். இருவர் சொல்வதும் நியாயம்தான். இருவரையும் ஒரே பக்கத்தில் திருப்திப்படுத்துவது மிகக் கடினம்.

இந்தக் கடினத்தை முதலில் துணிந்து தொட்டவர்களில் ஒருவர் ஜீன் லுவென் யாங். 2006-இல் வந்த அவருடைய 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' ஒரு சித்திர நாவல். இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருதை வென்ற முதல் சித்திர நாவலும் அதுவே. 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற 16-ஆம் நூற்றாண்டு நாவலின் குரங்கரசன் சுன் வூகோங்கை, அமெரிக்கப் பள்ளியில் தனித்து நிற்கும் ஒரு சீனச் சிறுவனின் கதையோடு சேர்த்துப் பின்னியிருப்பார். மூலத்தில் அடங்காத குரங்கை மலைக்கு அடியில் 500 வருஷம் பூட்டிவைப்பவர் புத்தர். யாங் கத்தோலிக்கர். அவர் புத்தரை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் படைத்த ஒரே கடவுள் ஒருவரை அந்த இடத்தில் வைத்தார். கடைசியில் குரங்கரசனின் மேற்குப் பயணம் குழந்தை இயேசுவின் தொழுவத்தில் போய் நிற்கிறது. சீன பௌத்த மரபில் வளர்ந்த ஒருவருக்கு இது உறுத்தத்தான் செய்யும், அந்த உறுத்தலைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது ஒரு சீன அமெரிக்கக் கத்தோலிக்கர் தன் வீட்டுக்குள் இருந்தே சொன்ன கதை. தன் இரண்டு மரபுகளும் தனக்குள் எப்படிக் குடியிருக்கின்றன என்பதை அவர் ஒளிக்காமல் காட்டினார். அதனால்தான் உறுத்தலோடும் அதை மதிக்கிறேன்.

ஷீரான் ஜே ஜாவ் 2021-இல் எழுதிய 'அயர்ன் விடோ' இன்னும் பெரிய சண்டையைக் கிளப்பியது. சீன வரலாற்றில் தன் பெயரிலேயே சக்கரவர்த்தியாக ஆண்ட ஒரே பெண் வூ ஸெட்டியான், 690 முதல் 705 வரை. அவர் பெயரைத் தாங்கிய நாயகி, இந்த நாவலில் பிரம்மாண்டமான போர் இயந்திரத்துக்குள் ஏறுகிறாள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து இயக்கும் அந்த இயந்திரங்களில் பெரும்பாலும் பெண்ணின் உயிர்ச்சக்தி உறிஞ்சப்பட்டு அவள் செத்துப்போகிறாள். அக்காவின் சாவுக்குப் பழிவாங்க வரும் ஸெட்டியான் அதைத் தலைகீழாக்குகிறாள். வேறு வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்த வரலாற்று மனிதர்களின் பெயர்கள் இதில் ஒரே காலத்தில் உலவுகின்றன. இது வரலாற்று நாவல் அல்ல, வேறோர் உலகம் என்று ஆசிரியர் முன்குறிப்பிலேயே சொல்லிவிடுகிறார். அதையும் மீறி வரலாற்றுப் பிழை என்று குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாயகியின் கோபத்தைப் படித்து, 'என் கோபத்தை யாரோ எழுதிவிட்டார்கள்' என்று நிமிர்ந்த இளம்பெண்கள் நிறையப் பேர். அதே நாவலில் நாயகியைத் தவிர மற்றப் பெண்கள் பலரும் கோழைகளாகவோ துரோகிகளாகவோ வருகிறார்கள் என்று கேட்டவர்களும் பெண்களே. அந்தக் கேள்வி சரியான கேள்வி. புத்தகத்தை உள்ளே போய்ப் படித்தவர்களால்தான் அப்படிக் கேட்க முடியும்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று 'தி பாப்பி வார்'. ஆர்.எஃப். குவாங் 2018-இல் எழுதியது. அனாதைப் பெண் ரின் கடினமான தேர்வில் ஜெயித்துப் பெரிய போர்ப் பள்ளிக்குப் போகிறாள். கர்வம் பிடித்த சக மாணவன், விசித்திரமான குரு, தேர்வு, போட்டி எல்லாம் உண்டு. அந்தச் சக மாணவனின் பெயரும் நேஜா. ஆனால் இங்கே அவன் டிராகன் மாகாணத்தை ஆளும் வம்சத்தின் பிள்ளை. பழைய கதையில் டிராகன் இளவரசனைக் கொன்றவனை டிராகன் வீட்டிலேயே பிறக்க வைத்திருக்கிறார் குவாங். கதை தெரிந்த வாசகருக்கு மட்டும் கிடைக்கும் ருசி அது. இதுவரை படித்தவர் இது பதின்வயதினருக்கான நாவல் என்றே நினைப்பார். பல கடைகளிலும் அதே அலமாரியில்தான் இருக்கும். பிறகு போர் வருகிறது. 1937-இல் ஜப்பானியப் படை நான்ஜிங் நகரில் நடத்திய படுகொலையை ஒட்டி எழுதப்பட்ட அத்தியாயத்தைப் பெரியவர்களாலேயே ஒரே மூச்சில் படிக்க முடிவதில்லை. இதைப் பெரியவர்களுக்கான நாவலாகவே வெளியிட்டார்கள். நாயகி சின்னப்பெண், எழுதியவரும் இளம்பெண் என்பதால் அது தானாக இளையோர் அலமாரிக்கு நழுவிவிட்டது. வாசகர்கள் ஒருவருக்கொருவர் 'இந்த அத்தியாயத்துக்கு முன் நின்று மூச்சு வாங்கிக்கொள்' என்று எச்சரிக்கிறார்கள். இந்த எதிர்வினையைவிடப் பயனுள்ள ஒன்றை நான் பார்த்ததில்லை.

அளவு மீறிப் போன எதிர்வினையும் உண்டு. பாரிஸில் பிறந்து பெய்ஜிங்கில் வளர்ந்த அமெலி வென் ஜாவின் முதல் நாவல் 'பிளட் ஏர்'. 2019 ஜனவரியில், புத்தகம் கடைக்கு வருவதற்கு மாதங்கள் முன்பே, முன்பிரதி படித்த சிலர் அதில் வரும் அடிமைமுறைச் சித்திரிப்பு கறுப்பின மக்களின் வரலாற்றை அவமதிக்கிறது என்றார்கள். படிக்காதவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆசிரியரே வெளியீட்டை நிறுத்தச் சொன்னார். ஆசியாவில் நடந்த ஆள்கடத்தலையும் கொத்தடிமை முறையையும் மனதில் வைத்து எழுதியதாக அவர் விளக்கினார். திருத்தங்களுக்குப் பிறகு அதே ஆண்டு நவம்பரில் புத்தகம் வந்தது. அமெரிக்காவின் வரலாறு ஒன்றுதான் வரலாறு என்ற இடத்திலிருந்து பார்த்தால் மற்ற தேசத்தின் காயம் கண்ணில் படாது. விமர்சித்தவர்களின் வலியும் உண்மைதான். ஆனால் படிக்கக் கிடைக்காத புத்தகத்தைப் பற்றிய தீர்ப்பு வாசக எதிர்வினை ஆகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2023-இல் அவர் சீனப் புராணச் சாயல் கொண்ட 'சாங் ஆஃப் சில்வர், ஃபிளேம் லைக் நைட்' எழுதி வந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

இவ்வளவு அழுத்தம் ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் விழக் காரணம், அவை நெடுங்காலம் விரல்விட்டு எண்ணும்படி இருந்ததுதான். 2009-இல் சிண்டி பான் எழுதிய 'சில்வர் ஃபீனிக்ஸ்' இந்த வகையில் முன்னோடி. முதல் பதிப்பின் அட்டையில் ஒரு சீனப் பெண் அழகாக நின்றாள். பின்னால் வந்த பதிப்பில் அட்டை மாறியது. அந்தப் பெண் எந்த ஊர்க்காரி என்றே தெரியாதபடி முகம் மறைந்துபோனது. அப்படிப்பட்ட காலத்தில் வந்த ஒரே ஒரு நாவலிடம், மொத்தச் சீனாவையும் பிழையில்லாமல் காட்டு என்று வாசகர்கள் கேட்டார்கள். பசித்தவர்கள் கேட்டது அது. சீனாவில் நேஜாவை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். நூறு நேஜாக்கள் இருக்கிறார்கள், இது பிடிக்காவிட்டால் அடுத்தது. கடல் தாண்டி வளரும் பிள்ளையின் கையில் ஒரே ஒரு சாங்-அ இருக்கும்போது, அவள் தன் பாட்டி சொன்ன சாங்-அவாக இல்லையென்றால் வலிக்கும்.

இன்று அலமாரி நிறைந்துகொண்டு வருகிறது. ஆகவே அடுத்த முறை ஒரு விமர்சனத்தைப் படிக்கும்போது, எழுதியவர் இந்தக் கதையை முதலில் எங்கே கேட்டார் என்று தேடுங்கள். பாட்டியிடமா, தொலைக்காட்சித் தொடரிலா, இந்தப் புத்தகத்தில்தானா? அது தெரிந்துவிட்டால் அவர் புகழ்ச்சியையும் குறையையும் எந்த எடைக்கு எடுத்துக்கொள்வது என்று தெரியும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் கிரேஸ் லின்னின் 'வேர் த மவுன்டன் மீட்ஸ் த மூன்' நல்ல தொடக்கம். 2009-இல் வந்தது, அடுத்த ஆண்டு நியூபெரி கௌரவ விருது பெற்றது. நடுநடுவே கதைக்குள் கதையாக வரும், இரவில் வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். சிரிக்கப் பிடிக்கும் பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு எஃப்.சி. யீயின் 'தி எபிக் க்ரஷ் ஆஃப் ஜீனி லோ'. அதில் வரும் பள்ளி மாணவி, குரங்கரசன் கையில் வைத்திருந்த மந்திரத் தடியின் மறுபிறவி. அம்மா-மகள் கதை பிடிக்கும் பெண்ணுக்கு நிலாமகளின் நாவல். 'பாப்பி வார்' கேட்டால் முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு கொடுப்பதா வேண்டாமா என்று இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.